மெட்டல் பிரிண்டில் இடைக்கால ஐரோப்பா: எது எடுபட்டது, எது எடுபடவில்லை

இடைக்கால ஐரோப்பிய வரலாற்றுக் காட்சிகளை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு வீட்டில் மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம், சரியாக அமைந்தால் காகிதத்திலோ கான்வாஸிலோ வராத ஒரு உயிர் அதில் வரும். ஆனால் எந்தப் படத்துக்கு எந்தத் தகடு என்று பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் பாதிப் படம் செத்துவிடும். மூலப் படைப்பு எதால் ஆனது, கம்பளி நூலா, தங்க ரேக்கு ஒட்டிய தோல் ஏடா, மரப்பலகையில் தீட்டியதா என்பதைப் பார்த்துத்தான் தகட்டை முடிவு செய்ய வேண்டும். விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்கள் தளத்தில் 'கிளாஸியா, மேட்டா' (பளபளப்பா, பளபளப்பு இல்லாததா) என்று ஒரு பட்டன் இருக்கும், அதோடு சரி.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். ஐப்பசி கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறினால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் காகிதப் படத்தில் பழுப்புப் புள்ளி விழும், கான்வாஸ் என்றால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், மரச்சட்டத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எடையும் குறைவு. 24×36 அங்குலத் தகடு, 1.1 மில்லிமீட்டர் தடிமனில், ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். அதே அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே நான்கு கிலோவைத் தாண்டும், சட்டம் தனி. வெளிநாட்டிலிருந்து வரும் இரும்புத் தகட்டு போஸ்டர்களும் கிடைக்கின்றன, காந்தத்தில் ஒட்டிக்கொள்வதால் மாட்டுவது சுலபம், ஆனால் கடற்காற்று அடிக்கும் வீட்டில் ஓரத்தில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்தாலும் துரு ஆரம்பித்துவிடும். நம் ஊருக்கு அலுமினியம்தான் சரி.

'மெட்டல் பிரிண்ட்' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். இது தெரியாமல் விலையை ஒப்பிடவே முடியாது.

முதலாவது சப்ளிமேஷன். படத்தை ஒரு தாளில் இடவலம் மாற்றி அச்சிட்டு, அதைப் பூச்சு போட்ட அலுமினியத் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்து, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும், அதனால் நகத்தால் சுரண்டினாலும் வராது. இதில் முக்கியமான விஷயம், வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. படத்தில் வெள்ளை இருக்கும் இடத்தில் தகட்டின் அடிநிறம்தான் தெரியும். அடி வெள்ளை பூசிய தகடு என்றால் வெள்ளை வெள்ளையாகவே வரும், வெள்ளி நிறத் தகடு என்றால் வெள்ளை இருந்த இடமெல்லாம் உலோகம் மின்னும். இரண்டாவது யுவி பிரிண்ட். மை தகட்டின் மேல் படிந்து புற ஊதா ஒளியில் உடனே காய்ந்துவிடும். இதில் வெள்ளை மை உண்டு, அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். மூன்றாவது வெறும் ஸ்டிக்கர். வினைல் ஸ்டிக்கரை அடித்து, கடைகளுக்குப் போர்டு செய்யும் ஏசிபி ஷீட்டில் ஒட்டித் தருவது. மலிவு, அதற்கேற்ற ஆயுள்தான், மூலையில் விரல் வைத்தாலே ஓரம் எழும்பி வருவது தெரியும். ஆர்டர் கொடுக்கும் முன் 'சப்ளிமேஷனா, யுவியா, ஸ்டிக்கரா' என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லாமல் 'பிரீமியம் குவாலிட்டி சார்' என்றால் அது ஸ்டிக்கர்தான்.

இனி படங்களுக்கு வருகிறேன்.

நான் அதிகம் எதிர்பார்த்தது பேயூ திரைச்சீலை. 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்து அரசன் ஹெரால்டை வென்ற கதையை, லினன் துணியில் கம்பளி நூலால் ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்குத் தையலாகவே சொல்லியிருக்கிறார்கள். உயரம் அரை மீட்டர்தான். இந்த உயரம்தான் வீட்டுக்கு வசதி. 20 அங்குல உயரத் தகடு வாங்கினால் அசல் அளவிலேயே நம் சுவருக்கு வந்துவிடும், ஒவ்வொரு தையலும் தைத்தவர் கண்ணுக்குத் தெரிந்த அதே அளவில் தெரியும். நான் எடுத்தது வால்நட்சத்திரக் காட்சி. அந்த ஆண்டு ஏப்ரலில் வானில் தெரிந்த ஹேலி வால்நட்சத்திரத்தை ஒரு கூட்டம் விரல் நீட்டிக் காட்டுகிறது, மேலே லத்தீனில் 'இவர்கள் நட்சத்திரத்தைக் கண்டு வியக்கிறார்கள்' என்று எழுத்து, பக்கத்தில் ஜனவரியில்தான் முடிசூடிய ஹெரால்ட் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் கீழே துணியின் ஓரப் பட்டையில் வெறும் கோடுகளாக ஆளில்லாத கப்பல்கள். வரப்போகும் படையெடுப்பை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

நான் வாங்கிய ஆன்லைன் கடையின் தளத்தில் மாதிரியாகக் காட்டும் பளபளப்புத் தகட்டில்தான் இதை முதலில் வரவழைத்தேன். பார்த்ததும் மனசு விட்டுப்போனது. கம்பளியும் லினனும் ஒளியை உள்வாங்கும் பொருள்கள். அதை வழுவழுவென்று பளபளக்க வைத்தால் தையல் தையலாகவே தெரியாது, பிளாஸ்டிக் மேஜை விரிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு அதே காட்சியை அடி வெள்ளை பூசிய மேட் தகட்டில் எடுத்தேன். அதில் நூல் புடைத்துக்கொண்டு தெரிகிறது, அவுரி வகை நீலமும் மஞ்சிட்டி வகைச் சிவப்பும் அடக்கமாக, பழைய பட்டுப்புடவையின் நிறத்தில் நிற்கின்றன. பேயூ வாங்குகிறவர்கள் மேட் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். குதிரைகள் வரும் காட்சிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், அந்தப் பக்கத்துக் கால்களை வேறு நிறத்தில் தைத்துத் தூரத்தைக் காட்டியிருப்பார்கள், மேட் தகட்டில் அது அழகாக எடுபடும்.

இதற்கு நேர் எதிர், லிம்பூர்க் சகோதரர்கள் பெர்ரி கோமகனுக்காக 1412 முதல் 1416 வரை தீட்டிய பிரார்த்தனை நூல். பாரிஸுக்கு வடக்கே ஷான்டியி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள மாதப் படங்களில் ஜனவரி, கோமகன் வீட்டுப் புத்தாண்டு விருந்து. அவர் நீல அங்கியில் உட்கார்ந்திருக்கிறார், மேஜையில் கப்பல் வடிவத்தில் ஒரு தங்கப் பாத்திரம், தட்டுகளுக்கு நடுவே இரண்டு குட்டி நாய்கள் மேஜை மேலேயே உலாவுகின்றன, பின்சுவரில் டிராய் யுத்தத்தைக் காட்டும் திரைச்சீலை. ஓவியம் முழுக்க ஆப்கானிஸ்தானிலிருந்து போன லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்த நீலம், அதன் மேல் தங்கம். இது பளபளப்புத் தகட்டுக்கென்றே தீட்டியது மாதிரி இருக்கிறது. அந்த நீலம் காகித அச்சில் எப்போதும் கருத்துப்போய்த்தான் வரும், தகட்டில் உள்ளிருந்து வெளிச்சம் வருவது போல நிற்கிறது. மூல ஏடு சுமார் 29 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். இரண்டு மடங்காகப் பெரிதாக்கினாலும் தூரிகைக் கோடு உடையவில்லை என்பதே அந்தச் சகோதரர்களின் கைத்திறனுக்குச் சாட்சி. மூவரும், நூலைக் கேட்ட கோமகனும், அதே 1416இல் இறந்துபோனார்கள். நூலைப் பின்னால் வேறு கைகள்தான் முடித்தன.

அதே நூலின் பிப்ரவரியை வெள்ளி நிறத் தகட்டில் எடுக்காதீர்கள். அது பனிக்காட்சி, குடியானவர்கள் அடுப்பருகே கால் நீட்டிக் குளிர்காய்கிறார்கள், வெளியே தேன்கூடுகள் மேலெல்லாம் பனி. நான் முன்பே சொன்னபடி வெள்ளை மை இல்லாததால் பனி முழுக்கச் சாம்பல் நிற உலோகமாகிவிடும், குளிருக்குப் பதில் அலுமினிய டப்பாதான் தெரியும். வெள்ளை அடித் தகடு போதும்.

சரி, தங்கம். இடைக்காலச் சுவடி ஓவியங்களின் உயிரே தங்க ரேக்குதான், தஞ்சாவூர் ஓவியம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் நகரும்போது அது மின்ன வேண்டும். ஸ்கேன் செய்த படத்தில் தங்கம் மஞ்சளும் பழுப்புமாகத்தான் பதிவாகும், காகிதத்தில் அடித்தால் கடுகு நிறம். தகட்டில்தான் இதற்கு வழி இருக்கிறது. யுவி பிரிண்டில் வெள்ளை மையை நாம் விரும்பும் இடத்தில் மட்டும் அடியில் போடலாம். படம் முழுவதும் வெள்ளை, தங்கம் இருக்கும் இடங்களில் மட்டும் வெள்ளை இல்லை என்று ஒரு தனி லேயர் செய்து கொடுத்தால், அந்த இடங்களில் மஞ்சள் மை நேராக உலோகத்தின் மேல் விழும், உண்மையான பொன்னிறம் வரும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஒரு சின்ன பிரிண்டிங் கடையில் இதைக் கேட்டேன். அங்கே இருந்த தம்பி, 'அண்ணா, கோல்டு இருக்கிற இடத்தை மட்டும் நீங்க செலக்ட் பண்ணிக் கொடுத்துட்டா நான் பார்த்துக்கறேன்' என்றார், சொன்னபடி செய்தும் கொடுத்தார். தங்க இடங்களைத் தேர்ந்தெடுத்து வெட்டுவது பொறுமை வேண்டிய வேலை, கோமகனின் அங்கியில் இருக்கும் பூவேலை மட்டுமே மாலை முழுக்கப் பிடித்தது. ஆனால் இப்போது ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தால் அங்கியும் பாத்திரமும் மின்னி அடங்குகின்றன. நான் வாங்கியவற்றில் இதுதான் முதலிடம். யுவி மை மேலே படிந்திருப்பதால் சாவி கீவி பட்டால் கீறல் விழும், அது ஒன்றுதான் குறை. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டோம்.

மனேசே சுவடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1300இலிருந்து 1340க்குள் சூரிக்கில் உருவானது, ஜெர்மன் காதல் கவிஞர்களின் பாடல் தொகுப்பு, 137 முழுப்பக்கப் படங்கள். இப்போது ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, நூலகமே எல்லாப் பக்கங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. நிழல் இல்லை, ஆழம் இல்லை, தட்டையான சிவப்பும் நீலமும் பச்சையும், குதிரைப் போர்வைகளில் குடும்பச் சின்னங்கள். குதிரை வீரர்கள் மோதிக்கொள்ளும் பந்தயக் காட்சிகளில் மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். வரவேற்பறைக்கு இதைவிடப் பொருத்தமான இடைக்காலப் படம் கிடையாது என்பது என் கருத்து. அடி வெள்ளை, பாதிப் பளபளப்பு என்று சொல்லும் சாட்டின் பூச்சு, இரண்டும் சேர்ந்தால் போதும். கடைகள் செய்யும் ஒரு அநியாயம், படத்தைச் சுற்றியுள்ள வண்ணக் கட்டங்கள் போட்ட ஓரப் பட்டையை வெட்டி எறிந்துவிடுவது. அவர்களுடைய நிலையான அளவுக்குள் அடங்க வேண்டுமாம். அந்தப் பட்டைதான் சட்டம், அதை மீறிக்கொண்டு குதிரையின் கால் வெளியே வருவதில்தான் படத்தின் துள்ளலே இருக்கிறது. படத்தின் விகிதத்துக்கே தகட்டை வெட்டித் தரச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதல் ஆகும், கொடுக்கலாம்.

போர்க்காட்சி விஷயத்தில் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. 1346 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்தும் ஃபிரான்ஸும் மோதிய கிரேசிப் போர், ஃபிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள, ஃப்ரோசார்ட் என்பவர் எழுதிய வரலாற்றுச் சுவடியின் புகழ்பெற்ற படம், ஒரு பக்கம் குறுக்குவில், எதிர்ப்பக்கம் ஆங்கிலேயரின் நீள வில். அம்மா பார்த்துவிட்டு, 'யுத்தப் படத்தை நடு வீட்டில் மாட்டாதேடா, குருக்ஷேத்திரப் படமே வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்க' என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் கண் முன்னால் ஆட்கள் செத்து விழுந்துகொண்டே இருக்க வேண்டுமா? கிரேசி என் புத்தக அறைக்குப் போனது, ஹாலுக்கு விருந்தும் பந்தயமும். இந்தப் படத்தை மாட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், போர் நடந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து புரூஜ் நகரில் தீட்டியது இது. கவசமெல்லாம் ஓவியர் காலத்துக் கவசம், கிரேசியில் நின்றவர்கள் அணிந்தது அல்ல.

வெள்ளி நிறத் தகட்டில் எடுபட்ட போர்க்காட்சி ஒன்று உண்டு, பாவ்லோ உச்செல்லோவின் சான் ரொமானோ போர். 1432இல் ஃபிளாரன்ஸ் சியெனாவை எதிர்த்து நடத்திய சண்டை, மூன்று பெரிய பலகைகள், இப்போது லண்டன், ஃபிளாரன்ஸ், பாரிஸ் என்று மூன்று ஊரில் பிரிந்து கிடக்கின்றன. இடைக்காலத்தின் கடைசி வாசல் என்று சொல்லலாம். வீரர்களின் கவசத்துக்கு உச்செல்லோ அசல் வெள்ளி ரேக்கு ஒட்டியிருந்தார், அது காலப்போக்கில் கருத்து இப்போது மங்கிய சாம்பலாகத்தான் தெரிகிறது. வெள்ளி நிறத் தகட்டில் அந்தச் சாம்பலுக்கு அடியிலிருந்து உலோகம் எட்டிப் பார்க்கிறது, கவசம் மறுபடி கவசமாகிறது. லண்டன் பலகையின் அகலம் மூன்று மீட்டருக்கும் மேல், நம் சுவரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்படியும் தரையில் உடைந்து கிடக்கும் ஈட்டிகளும், வெள்ளைக் குதிரையில் பெரிய தலைப்பாகையோடு வரும் தளபதியும் தெளிவாக இருக்கிறார்கள். வெள்ளைக் குதிரை கொஞ்சம் வெள்ளிக் குதிரையாகிவிட்டது, இதற்கு அது குறையாகப் படவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு விஷயத்தில். 'ஹேஸ்டிங்ஸ் போர் 1066' என்று தலைப்புப் போட்டு, தலை முதல் கால் வரை தகட்டுக் கவசம் போட்ட வீரர்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி விற்கிறார்கள். 1066இல் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையும் மூக்குக் காப்பு வைத்த கூம்புத் தொப்பியும்தான், முழுத் தகட்டுக் கவசம் வர இன்னும் மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகும். கொடியில் எழுத்து போல ஏதோ கிறுக்கல், வாளைப் பிடித்த கையில் விரல் சரியில்லை. பணம் கொடுத்து வாங்குகிற பொருளில், குழந்தைகள் தினமும் பார்த்து வளரப்போகிற சுவரில், இப்படி ஒரு பொய்யை மாட்டக் கூடாது. படத்தின் கீழே எந்தச் சுவடி, எந்த நூலகம் என்று குறிப்பில்லாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். நம் சோழர் பெயரில் வருபவையும் இதே கதைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்கள் இருக்கின்றன, சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி இருக்கிறது. அதை நல்ல தரத்தில் மேட் தகட்டில் எடுத்தால் பேயூவுக்குப் பக்கத்தில் மாட்ட ஆசை. ஆனால் கடைகளில் 'ராஜராஜ சோழன்' என்று தேடினால் சினிமாக் கவசமும் ரோமானியப் படை மாதிரி ஒரு கூட்டமும்தான் வருகிறது.

சொந்தமாகக் கோப்பு கொடுப்பவர்களுக்கு: 24×36 அங்குலத்துக்கு 3600×5400 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 150 புள்ளி, அது போதும். அதற்குக் கீழே போனால் எழுத்துக் கோடுகள் மசங்கும். ஸ்கேனில் ஏடு மஞ்சளாக இருக்கிறதே என்று யாரும் வெளுக்க வேண்டாம், தோல் ஏட்டின் நிறமே அதுதான். சில கடைகள் கேட்காமலே 'கலர் கரெக்‌ஷன்' செய்துவிடும், வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய கடையின் அச்சுத் தரம் நன்றாக இருந்தது, பேக்கிங் மோசம். ஒரு தகட்டின் மூலை மடங்கி வந்தது, போட்டோ அனுப்பியதும் மாற்றித் தந்தார்கள், ஆனால் அதற்குள் பல போன் பேச வேண்டியிருந்தது. பின்பக்கம் மாட்டுவதற்காக ஒட்டியிருந்த மரக்கட்டை ஒன்றில் பசை விட்டுக்கொண்டது. நல்ல வேளை, கீழே சோபா இருந்தது. இப்போது ஒட்டு வேலையை நம்புவதில்லை, நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, தகட்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் ஸ்டாண்ட்ஆஃப் ஸ்க்ரூ வைத்து, சுவரில் டிரில் போட்டு பிளக் அடித்து மாட்டுகிறோம். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கும். ஓரம் கூர்மை, மாட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே பளபளப்புத் தகட்டை வைத்தால் பகலெல்லாம் பால்கனிதான் தெரியும், டியூப் லைட்டுக்கு எதிரே வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பக்கச் சுவர்தான் நல்லது, மேலிருந்து சாய்வாக விழும் சின்ன எல்இடி விளக்கு இன்னும் நல்லது. நேர் வெயில் படும் சுவர் கூடவே கூடாது, சாயம் வெளுக்கும். துடைக்க ஈரத்தைப் பிழிந்த மெல்லிய துணி போதும்.

விலை: 24×36 அங்குல சப்ளிமேஷன் தகடு எனக்கு 9,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது, யுவி அதைவிடக் கொஞ்சம் குறைவு, தங்க லேயர் செய்யும் வேலையை நாமே செய்துவிட்டால். மலிவு இல்லைதான். அடுத்து எடுக்கப்போவது மனேசே சுவடியில் பிரபான்ட் கோமகனின் பக்கம், 1288 வோரிங்கன் போர். அம்மாவிடம் காட்டிவிட்டேன், புத்தக அறை என்றால் சரி என்றார்.